ஜரீரின் புதல்வர்களும் சவர்புரூக்கின் சீடர்களும்: ஆற்றல் குன்றும் வைத்தியர்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பக்தாதில் ஒரு பரீட்சை

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 931இல், பக்தாத் நகரில் சாதாரண மனிதர் ஒருவர் வைத்தியர் ஒருவரின் தவறான சிகிச்சையால் இறந்துபோனார். செய்தி அப்பாஸிய கலீபா அல்முக்ததிரின் காதுக்கு எட்டியது. நகரின் முஹ்தஸிபை அழைத்த கலீபா, ஸினான் இப்னு ஸாபித் இப்னு குர்ராவினால் பரீட்சிக்கப்பட்டு அனுமதி பெற்றவரைத் தவிர வேறெவரும் இனி வைத்தியம் பார்க்கக்கூடாது என்று கட்டளையிட்டார். ஸினான் அக்காலத்தில் கலீபாவின் பிரதான வைத்தியர். கணிதத்திலும் வானியலிலும் பெரும் பெயர்பெற்ற ஸாபித் இப்னு குர்ராவின் மகன். பக்தாதின் இரு கரைகளிலுமாக 860க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவர் முன்னால் வந்து நின்றார்கள் என்று இப்னுல் கிஃப்தீ, இப்னு அபீ உஸைபிஆ ஆகிய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இஸ்லாமிய நாகரிகத்தின் சிறப்பைப் பேசும் மேடைகளில் இச்சம்பவம் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. வைத்தியர்களுக்கான அனுமதிப்பத்திர முறையை உலகுக்குத் தந்தவர்கள் நாமே என்று பெருமைப்பட்டுவிட்டு அதோடு நின்றுவிடுகிறோம். ஆனால் அந்தக் குறிப்பை முழுமையாக வாசிப்பவருக்கு அதில் வேறு இரண்டு விடயங்கள் கண்ணில் படும். இந்தக் கட்டுரைக்கு அவை இரண்டும்தான் முக்கியமானவை.

முதலாவது, அந்தப் பரீட்சையிலிருந்து சிலருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தொழிலில் முன்னணியில் நின்று புகழ்பெற்றவர்களும் அரச சேவையில் இருந்தவர்களும் பரீட்சைக்கு வரவேண்டியதில்லை. அவர்களது பெயரே அவர்களுக்குச் சான்றிதழாக இருந்தது.

இரண்டாவது, ஒரு முதியவரின் கதை. நல்ல உடையும் கம்பீரமான தோற்றமும் கொண்ட பெரியவர் ஒருவர் வந்தார். ஸினான் அவரை மரியாதையோடு இருத்தி, மற்றவர்களின் அலுவல் முடிந்த பிறகு, தங்களது ஆசிரியர் யார், தாங்கள் கற்றது என்ன என்று விசாரித்தார். பெரியவர் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த தீனார்களை எடுத்து அவர்முன் வைத்தார். தனக்கு ஒழுங்காக எழுதவோ வாசிக்கவோ தெரியாது என்றும், குடும்பம் இருக்கிறது, இந்தத் தொழிலால்தான் சீவியம் நடக்கிறது, அதை அறுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஸினான் சிரித்தார். அறியாத நோய்க்குக் கை வைக்கக்கூடாது, சிறு நோய்களுக்கன்றி இரத்தம் குத்தி எடுக்கவோ பேதி கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனையோடு அவருக்கு அனுமதி கொடுத்தார். தன் ஆயுளில் சிகஞ்சபீனையும் ஜுலாபையும் தாண்டி எவருக்கும் எதையும் கொடுத்ததில்லை என்றார் பெரியவர். காடியும் தேனும் சேர்ந்த பானம் ஒன்று, பன்னீரும் சீனியும் சேர்ந்த பானம் மற்றொன்று. இரண்டாலும் எவருக்கும் தீங்கு வராது. மறுநாள் பரீட்சைக்கு வந்த ஓர் இளைஞன் தன் ஆசிரியர் தன் தகப்பன்தான் என்றான். அந்தத் தகப்பன் முதல்நாள் வந்த அதே பெரியவர். அவர் வழியிலேயே போ, அதைத் தாண்டாதே என்று சொல்லி அவனையும் அனுப்பிவைத்தார் ஸினான்.

இக்கதையில் இலஞ்சத்தின் வாடை வீசுவதை மறுக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அனுமதி கொடுத்தது சரியா என்று கேட்பதும் நியாயமே. ஆயினும் அங்கே நடந்ததைக் கவனியுங்கள். ஒரு வைத்தியர் தனது குறையைத் தன் வாயால் சொன்னார். சொன்னதற்காக அவர் அவமானப்படுத்தப்படவில்லை. அதேவேளை, அவரது கை எட்டக்கூடிய தூரம் வரையறுக்கப்பட்டது. நோயாளியும் காக்கப்பட்டார், வைத்தியரும் காக்கப்பட்டார்.

ஆற்றல் குன்றிய வைத்தியர் விடயத்தில் பின்வந்த ஆயிரம் ஆண்டுகளின் அனுபவமும் இந்த இரண்டு குறிப்புகளுக்குள் அடங்கிக் கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பரீட்சை என்பது தொழிலுக்குள் நுழையும் வாசலில் நிற்கும் காவலாளி. உள்ளே நுழைந்தவர் இருபது வருடம் கழித்துப் போதைக்கு அடிமையானால், மனநோய்க்கு ஆளானால், முதுமையில் நினைவு தடுமாறினால் அதைக் கண்டுகொள்பவர் யார்? அவர் பெரும் புகழாளராகவும் இருந்துவிட்டால் அவரிடம் போய்ச் சொல்பவர் யார்? பக்தாதில் விலக்களிக்கப்பட்ட அந்தப் புகழ்பெற்றோரைப் பற்றிய இந்தக் கேள்விக்கு நவீன வைத்திய வரலாறு இரண்டு பெரிய உதாரணங்களை வைத்திருக்கிறது. ஒன்று அமெரிக்காவில், மற்றது ஜேர்மனியில்.

கறுப்புக் குறிப்பேடு

வில்லியம் ஸ்டுவர்ட் ஹால்ஸ்டட் 1852இல் நியூயோர்க்கில் பிறந்தவர். முப்பது வயதுக்குள்ளேயே துணிச்சலான சத்திரசிகிச்சை நிபுணர் என்று பெயரெடுத்தவர். பிரசவத்தின்பின் இரத்தப்பெருக்கால் சாகக் கிடந்த தன் சகோதரிக்குத் தனது இரத்தத்தையே ஏற்றிக் காப்பாற்றியவர்.

1884 செப்டெம்பரில் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கொல்லர், கொக்கேய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்ற தமது கண்டுபிடிப்பை வெளியிட்டார். செய்தி நியூயோர்க்கை எட்டியதும் ஹால்ஸ்டட்டும் அவரது தோழர்களும் அதை இன்னொரு படி முன்னெடுத்தார்கள். நரம்பினருகே கொக்கேய்னை ஊசியால் செலுத்தினால் அந்த நரம்பு போகும் பகுதி முழுவதும் விறைத்துப்போகும் என்று கண்டார்கள். இன்று பல் பிடுங்கும்போது நமது தாடையில் போடப்படும் விறைப்பூசியின் ஆரம்பம் அதுதான். பரிசோதனைக்கு அவர்கள் தேடிய உடல்கள் தங்களுடைய உடல்களே. ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டார்கள். கொக்கேய்ன் மனிதனை அடிமையாக்கும் என்பதை அப்போது உலகம் சரிவர அறிந்திருக்கவில்லை. சில மாதங்களுக்குள் அந்தக் குழுவிலிருந்த பலர் அதில் வீழ்ந்தார்கள். ஹால்ஸ்டட்டும் வீழ்ந்தார்.

1885 செப்டெம்பரில் ஒரு நியூயோர்க் வைத்திய சஞ்சிகையில் கொக்கேய்ன் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளியானது. அதன் முதல் வாக்கியம் வைத்திய வரலாற்றில் பிரசித்தமானது. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தெரியாமல், ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கி நீண்டுகொண்டே போகும் வாக்கியம் அது. மாணவர்களின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தியே காலங்கழிக்கும் என் போன்றவனுக்கு அதை வாசிக்கையில் சிவப்பு மையைத் தேடத் தோன்றாது, பயம்தான் தோன்றும். தெளிவான மூளையுடையவர் என்று ஊரறிந்த ஒருவர் எழுதியது அது. நோயின் அடையாளம் அச்சிலேயே ஏறியிருந்தது. வாசித்தவர்கள் வாசித்துவிட்டுப் போனார்கள்.

அந்த அடையாளங்களைக் கண்டு செயற்பட்டவர் நோயியல் அறிஞர் வில்லியம் வெல்ச் என்ற நண்பர். 1886இல் ஹால்ஸ்டட்டைக் கரிபியன் தீவுகளை நோக்கி ஒரு கடற்பயணத்துக்கு அனுப்பிப் பழக்கத்தை விடுவிக்கும் முயற்சி நடந்தது. அது பலிக்கவில்லை. பின்னர் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பட்லர் மனநல வைத்தியசாலையில் 1886இலும் 1887இலும் இரு தடவை அவர் தங்கிச் சிகிச்சை பெற்றார். இடையிலும் பின்னரும் வெல்ச் அவரைப் பால்டிமோருக்கு அழைத்து, தனது ஆய்வுகூடத்தில் இடம் கொடுத்தார். நோயாளிகளின் உடலில் கத்தி வைக்கும் வேலை அங்கே இருக்கவில்லை. நாய்களின் குடலைத் தைப்பது எப்படி என்ற ஆராய்ச்சியையே ஹால்ஸ்டட் செய்துவந்தார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை 1889இல் திறக்கப்பட்டபோது அவருக்குத் தற்காலிகப் பதவியே கொடுக்கப்பட்டது. 1890இல்தான் பிரதம சத்திரசிகிச்சை நிபுணர் ஆனார்.

வெல்ச் செய்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நண்பனை அவர் கைவிடவில்லை. நண்பன் என்பதற்காக நோயாளிகளை அவரிடம் ஒப்படைக்கவும் இல்லை. சிகிச்சைக்கு அனுப்பினார், தன் கண்ணெதிரே வைத்துக்கொண்டார், தீங்கு விளைவிக்காத வேலை கொடுத்தார், தேறிய பிறகு படிப்படியாகத் திரும்பவிட்டார். பிற்காலத்தில் நிறுவனங்கள் சட்டம் போட்டுச் செய்ததை வெல்ச் தனி மனிதனாக நின்று செய்தார்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. கொக்கேய்னை விடுவிப்பதற்கான சிகிச்சையில் ஹால்ஸ்டட் மோர்பினுக்குப் பழக்கப்பட்டிருந்தார். அவர் பூரண சுகமடைந்துவிட்டார் என்றே உலகம் நம்பியது. உண்மையை அறிந்துகொண்டவர் அதே வைத்தியசாலையின் புகழ்பெற்ற வைத்தியர் வில்லியம் ஒஸ்லர். ஹால்ஸ்டட் நிரந்தரப் பதவி பெற்றுச் சுமார் ஆறு மாதங்களின் பின் கடும் நடுக்கத்தோடு இருந்ததைக் கண்ட ஒஸ்லர், அவரது நம்பிக்கையைப் பெற்று விடயத்தை விளங்கிக்கொண்டார். நாளொன்றுக்கு மூன்று கிரெய்னுக்குக் கீழே ஹால்ஸ்டட்டினால் குறைக்க முடியவில்லை. இன்றைய அளவில் அது ஏறத்தாழ 200 மில்லிகிராம். கடும் வலியில் துடிக்கும் ஒருவருக்கு ஊசியில் ஏற்றப்படும் மோர்பின் சாதாரணமாக 10 மில்லிகிராம் அளவுதான். 1898 அளவில் அது ஒன்றரைக் கிரெய்னாகக் குறைந்தது என்றும் ஒஸ்லர் எழுதிவைத்தார். எழுதிய குறிப்பேட்டைப் பூட்டிவைத்தார். ஒஸ்லர் 1919இல் இறந்தார், ஹால்ஸ்டட் 1922இல் இறந்தார். குறிப்பேட்டின் செய்தி 1969இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

அந்த இடைக்காலத்தில் ஹால்ஸ்டட் செய்தவை சிறியவையல்ல. சத்திரசிகிச்சைக் கூடத்தில் இறப்பர்க் கையுறை அணியும் வழக்கம் அவரிடமிருந்தே பரவியது. கிருமிநீக்கி மருந்தினால் கை புண்ணாகிய கரொலைன் ஹம்டன் என்ற தாதிக்காக அவர் அதைச் செய்வித்தார். 1890இல் அந்தத் தாதியையே மணந்தார். குடலிறக்கச் சத்திரசிகிச்சை, மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை, இளம் வைத்தியர்களை வருடக்கணக்கில் வைத்தியசாலையிலேயே தங்கவைத்துப் பயிற்றும் முறை என்று அவரது பங்களிப்பு நீள்கிறது. பழைய துணிச்சலும் வேகமும் போய், மெதுவாகவும் இழையங்களுக்கு நோகாத பக்குவத்தோடும் கத்தி பிடிப்பவராக அவர் மாறியிருந்தார். சத்திரசிகிச்சைகள் பலவற்றை உதவியாளர்களிடம் விட்டார். வருடத்தில் பல மாதங்கள் ஊரிலேயே இருக்கமாட்டார்.

இங்கேதான் நமது மனம் இரண்டாகப் பிரிகிறது. ஒஸ்லர் வாய் திறந்திருந்தால் ஹால்ஸ்டட்டின் தொழில் அன்றே முடிந்திருக்கும், உலகம் இத்தனையையும் இழந்திருக்கும் என்று ஒரு பக்கம் சொல்கிறது. அந்த முப்பது ஆண்டுகளில் அவரது மேசையில் மயங்கிக் கிடந்த எந்த நோயாளிக்காவது தன்மீது கத்தி வைப்பவரின் நிலை தெரிந்திருந்ததா என்று மற்றப் பக்கம் கேட்கிறது. விளைவு நன்றாக முடிந்தது என்பதை வைத்து மௌனம் சரியானது என்று தீர்ப்பளிக்க முடியாது. குருடன் பாதையைக் கடந்து பத்திரமாக அக்கரை சேர்ந்தான் என்பதற்காகக் கையைப் பிடிக்காமல் நின்றவரை நாம் பாராட்டுவதில்லை. அதே மௌனம் இன்னோர் இடத்தில் எப்படி முடிந்தது என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

பேர்லினில் ஓர் அஸ்தமனம்

பேர்டினண்ட் சவர்புரூக் 1875இல் ஜேர்மனியில் பிறந்தார். நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் சுருங்கி நோயாளி இறந்துவிடுவார் என்ற காரணத்தால் நெஞ்சறைக்குள் கைவைக்கச் சத்திரசிகிச்சையாளர்கள் அஞ்சிய காலம் அது. 1904இல் சவர்புரூக் காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறையை அமைத்து, நோயாளியின் தலையை மட்டும் வெளியே வைத்து, உடலை உள்ளே வைத்து அந்தத் தடையை உடைத்துக் காட்டினார். முதலாம் உலகப்போரில் கையிழந்தவர்களுக்காக, எஞ்சிய தசைகளாலேயே இயங்கும் செயற்கைக் கையை வடிவமைத்தார். 1920களின் பிற்பகுதியிலிருந்து பேர்லினின் ஷரிட்டே வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைப் பிரிவின் தலைவராக இருந்தார். நாஸி ஆட்சியோடு அவருக்கிருந்த உறவு தனியே விசாரிக்கப்படவேண்டிய விடயம். இங்கே நான் பேசுவது அவரது கடைசி ஆண்டுகளைப் பற்றி.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அவருக்கு எழுபது வயது. மூளையின் இரத்தக்குழாய்கள் இறுகிவந்தன. நினைவு தடுமாறியது, கோபம் கட்டுமீறியது, தீர்மானங்கள் பிழைத்தன. சத்திரசிகிச்சை மேசையில் அந்தப் பிழைகளின் விலை மனித உயிராக இருந்தது. சுற்றி நின்ற உதவியாளர்கள் கண்டார்கள். இடையில் புகுந்து சில நோயாளிகளைக் காப்பாற்றினார்கள், சிலரைக் காப்பாற்ற முடியவில்லை. யேர்கன் தோர்வால்ட் என்ற எழுத்தாளர் இந்த வரலாற்றை விரிவாகத் தேடி 1960இல் நூலாக வெளியிட்டார்.

அவர்கள் ஏன் சொல்லவில்லை? காரணங்கள் நமக்கு அந்நியமானவையல்ல. அவர் குரு, சத்திரசிகிச்சையில் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் போய் உங்கள் மூளை தளர்கிறது என்று சொல்லும் தைரியம் எந்தச் சீடனுக்கு வரும்? அதிகாரிகளுக்கோ வேறு கணக்கு இருந்தது. ஷரிட்டே பேர்லினின் சோவியத் பகுதியில் இருந்தது. உலகப் புகழ்பெற்ற சவர்புரூக் நம்மிடம் இருக்கிறார் என்பது அந்த ஆட்சிக்குப் பெருமை. அவரைப் பகைத்து மேற்குப் பக்கம் அனுப்ப எவருக்கும் விருப்பமில்லை. குருபக்தியும் அரசியலும் ஒரே மௌனத்தில் கைகோத்தன. 1949 டிசெம்பரில்தான் அவர் வற்புறுத்தலின் பேரில் ஓய்வுபெற வைக்கப்பட்டார்.

ஓய்வு அறிவிக்கப்பட்டதே தவிர, எதற்காக என்பது மக்களுக்குச் சொல்லப்படவில்லை. புகழ் அப்படியே இருந்தது. அவரை நம்பி வந்த நோயாளிகள் தொடர்ந்து வந்தார்கள். அவரும் தனியார் சிகிச்சை நிலையத்திலும், போதிய வசதிகளின்றித் தன் வீட்டிலும்கூடக் கத்தி எடுத்தார் என்கிறது தோர்வால்டின் நூல். 1951 ஜூலையில் அவர் இறந்தார். தன் நோயைத் தானே உணரமுடியாத நோய் அது. ஆகவே குற்றத்தை அவர் தலையில் வைப்பது நியாயமாகாது. உணரக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அவரைச் சுற்றி நின்றவர்கள்தாம்.

முஹத்திஸ்களின் வழி

இதற்கு இணையான ஒரு சிக்கலை நமது ஹதீஸ்கலை அறிஞர்கள் சந்தித்திருக்கிறார்கள். வைத்தியரின் கையில் உயிர் இருப்பதுபோல் அறிவிப்பாளரின் நாவில் மார்க்கம் இருந்தது. நம்பிக்கையும் நல்லொழுக்கமும் மிக்க ஓர் அறிவிப்பாளர் முதுமையில் நினைவு தடுமாறினால் என்ன செய்வது? அந்த நிலைக்கு 'இக்திலாத்' என்று பெயரிட்டார்கள். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ், ஹதீஸ்கலை பற்றிய தமது புகழ்பெற்ற நூலில், நம்பகமானவர்களாயிருந்து இறுதிக்காலத்தில் தடுமாறியவர்களை அறிவதற்கென்றே 62ஆவது பிரிவை ஒதுக்கினார்.

அவர்கள் கையாண்ட முறை நுட்பமானது. கூஃபாவைச் சேர்ந்த அதா இப்னுஸ் ஸாயிப் கடைசிக் காலத்தில் தடுமாறினார். அதற்காக அவரது வாழ்நாள் உழைப்பை அழிக்கவில்லை. தடுமாற்றத்துக்கு முன்னர் அவரிடம் கேட்ட ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ, ஷுஃபா போன்றோரின் அறிவிப்புகளை ஏற்றார்கள். பின்னர் கேட்டவர்களின் அறிவிப்புகளை ஒதுக்கினார்கள். மனிதரின் கண்ணியம் வேறு, இன்று அவர் செய்யும் பணியின் நம்பகத்தன்மை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

இவை எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது பஸராவின் ஜரீர் இப்னு ஹாஸிம் பற்றிய குறிப்பு. ஹிஜ்ரி 170இல் மறைந்தவர் அவர். அவரது புதல்வர்களும் ஹதீஸ் கற்றவர்கள். தந்தையிடம் தடுமாற்றம் தொடங்குவதை உணர்ந்ததும் அவர்கள் அவரை மக்களிடமிருந்து திரையிட்டுக்கொண்டார்கள், ஆகவே அந்த நிலையில் அவரிடமிருந்து எவரும் எதையும் கேட்கவில்லை என்று அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ அறிவிக்கிறார். தந்தையின் தளர்ச்சியை ஊர் வேடிக்கை பார்க்க அவர்கள் விடவில்லை. தந்தையின் பெயரால் ஒரு பிழையான அறிவிப்பு வெளியே போகவும் விடவில்லை.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நாம் அறிந்த நபிமொழியின் கருத்து. ஜரீரின் புதல்வர்களும் மறைத்தார்கள், சவர்புரூக்கின் சீடர்களும் மறைத்தார்கள். முந்தியவர்கள் மறைத்தது மனிதரை. தந்தையைப் பணியிலிருந்து விலக்கி அவரது மானத்தை மூடினார்கள். பிந்தியவர்கள் மறைத்தது நோயை; குருவைப் பணியில் வைத்துக்கொண்டே அதன் அபாயத்தை மூடினார்கள். முதலாவது மறைப்பில் அமானிதம் காக்கப்பட்டது, இரண்டாவதில் பாழானது.

புறம்பேசலாகிவிடுமோ என்ற அச்சத்துக்கும் முன்னோர்கள் விடை சொல்லியிருக்கிறார்கள். நமது அரபு மத்ரஸாக்களில் ஓதப்படும் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் இமாம் நவவீ (ரஹ்) புறம் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களைத் தருகிறார். தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பது அவற்றுள் ஒன்று. அறிவிப்பாளர்களின் குறையைச் சொல்வதையே அவர் அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். எச்சரிக்கப்பட வேண்டியவரிடம், எச்சரிக்கைக்குத் தேவையான அளவில் பேசுவது வேறு. தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்து ஒருவரின் மானத்தைப் பங்குபோடுவது வேறு.

சட்டத்தின் வருகை

ஹால்ஸ்டட்டின் குறிப்பேடு வெளிவந்த சில ஆண்டுகளில், 1973இல், அமெரிக்க வைத்திய சங்கம் நோயுற்ற வைத்தியர் பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மது, போதைமருந்து, மனநோய், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் பாதுகாப்பாகத் தொழில்செய்ய இயலாதுபோகும் வைத்தியரின் பிரச்சினையை அந்தத் தொழிலே பகிரங்கமாக ஒப்புக்கொண்ட முக்கியமான தருணம் அது. அதன்பின் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வைத்தியர்களுக்கான சிகிச்சை, கண்காணிப்புத் திட்டங்கள் உருவாகின. பிரித்தானியாவில் 1978ஆம் ஆண்டின் வைத்தியச் சட்டம் பொது வைத்திய சபைக்குள் ஒரு சுகாதாரக் குழுவை ஏற்படுத்தியது. அதுவரை நோயுற்ற வைத்தியரையும் குற்றமிழைத்த வைத்தியரையும் ஒரே ஒழுக்காற்று விசாரணையின் முன்னேதான் நிறுத்த வேண்டியிருந்தது. புதிய குழு ஒருவரது தொழிலுக்கு நிபந்தனை விதிக்கலாம், தற்காலிகமாக இடைநிறுத்தலாம். நோயாளியான வைத்தியரைக் குற்றவாளியாக்கிப் பதிவேட்டிலிருந்து பெயரை வெட்டுவது அதன் வேலையாக இருக்கவில்லை.

நிபந்தனையோடு கூடிய அனுமதி! ஸினான் அந்தப் பெரியவருக்குக் கொடுத்ததும் அதுதானே.

இது கருணையின்பாற்பட்ட ஏற்பாடு மாத்திரமன்று. இதில் நோயாளியின் நலனும் இருக்கிறது. சொன்னால் தொழில் போய்விடும், பெயர் போய்விடும் என்றால் எந்த வைத்தியரும் தன் நோயைச் சொல்லமாட்டார். மனைவி மறைப்பார், மருந்தாளர் மறைப்பார், தாதி மறைப்பார். மறைக்கும் ஒவ்வொரு மாதமும் நோயாளிகளின் தலையில்தான் விடியும். தண்டனை மட்டுமே வாசலில் நின்றால் உண்மை பின்கதவால்கூட வெளியே வராது. திரும்பி வர ஒரு வழி இருந்தால், பக்தாதின் பெரியவர் போல, ஒருவர் தானாகவே வந்து சொல்லக்கூடும்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ, 'அதபுத் தபீப்' என்ற தமது வைத்திய ஒழுக்க நூலில், வைத்தியன் தன் உடலைப் பேணும் முறை பற்றித் தனி அத்தியாயம் எழுதினார். வைத்தியர்கள் எடுக்கும் ஜெனீவாப் பிரகடன உறுதிமொழியில், தன் சொந்த ஆரோக்கியத்தைப் பேணுவேன் என்ற வாக்குறுதி 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது.

நமது மௌனம்

நான் வைத்தியனல்லன், கிராமத்துப் பாடசாலை ஆசிரியன். இந்த வரலாறுகளை வாசிக்கையில் என் நினைவில் ஓடியவை நமது ஊர்களே. ஒரு கிராமத்துக்கு ஒரு டொக்டர். அவரும் நம்மவர் என்றால் நமக்கு எத்தனை பூரிப்பு! கடன்பட்டும் காணி விற்றும் அவரைப் படிக்கவைத்த குடும்பத்தை ஊரே அறியும். அவருடைய கை நடுங்கத் தொடங்கினால், அல்லது மாலையில் அவரது பேச்சு குழறினால், முதலில் அறிபவர்கள் மருந்து கட்டுபவரும், துண்டு வாசிக்கும் மருந்துக்கடைக்காரரும், வீட்டாரும். அவர்கள் சொல்லமாட்டார்கள். வசதியுள்ளவர்கள் சத்தமில்லாமல் பட்டணத்து வைத்தியரிடம் மாறிக்கொள்வார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள் தொடர்ந்தும் அவரிடமே போவார்கள். நமது மௌனத்தின் விலையைக் கொடுப்பவர்கள் அவர்கள்தாம்.

இது வைத்தியருக்கு மட்டும் உரிய விடயமுமல்ல. கரும்பலகையில் எழுதியதையே மறந்து மீண்டும் எழுதும் ஆசிரியர், தொழுகையில் ரக்அத்துகளைத் தவறவிடும் முதிய இமாம், பஸ் சாரதி, கதீப் என்று நம்மைச் சுற்றி அமானிதம் சுமந்தவர்கள் பலர். ஆயினும் வைத்தியரின் பிழைக்கு ஸஜ்தா ஸஹ்வு இல்லை.

என்ன செய்யலாம் என்பதற்கு மேலே சொன்ன வரலாறுகளிலேயே பாடம் இருக்கிறது. முதலில் காண்பவர் முதலில் பேசவேண்டும். அவரிடமே, தனிமையில், மரியாதையோடு. கேட்கும் நிலையில் அவர் இல்லையென்றால், தடுக்கும் அதிகாரமுள்ளவரிடம் சொல்லவேண்டும். ஊரிடம் சொல்லத் தேவையில்லை. சொல்லிவிட்டு அவரைத் தனியே விடவும் கூடாது. வெல்ச் தன் நண்பனுக்குக் கொடுத்த கூரையையும் வேலையையும் நாம் மறந்துவிடக்கூடாது. நோயுற்ற வைத்தியரும் ஒரு நோயாளிதான். மற்றவர்களின் படுக்கையருகே வாழ்நாளைக் கழித்தவருக்கு அருகில் நிற்க அவரது தருணத்தில் யாராவது இருக்கவேண்டும்.

ஒரு சமூகம் தன் பெரியவர்களை எவ்வளவு மதிக்கிறது என்பதை அவர்களுக்குப் போர்த்தும் பொன்னாடைகளால் அளக்க நாம் பழகிவிட்டோம். தளர்ந்த காலத்தில் அவர்களது கையிலிருக்கும் கத்தியை மெதுவாக வாங்கி வைக்கத் தெரிந்திருக்கிறதா என்பதும் ஓர் அளவுகோல்தான். பக்தாதில் வைத்தியரின் தவறால் இறந்த அந்தச் சாதாரண மனிதரின் பெயரை வரலாற்றாசிரியர்கள் எழுதிவைக்கவில்லை. அவர் ஒருவருக்காக ஒரு பேரரசின் தலைநகரில் 860 வைத்தியர்கள் பரீட்சைக்கு அழைக்கப்பட்டார்கள். பெயரில்லாத அந்த நோயாளிக்கு நாம் பட்டிருக்கும் கடன், பெயர்பெற்ற வைத்தியருக்குப் பட்டிருக்கும் கடனைவிடக் குறைந்ததல்ல.